‘அனுமதிக்க மாட்டேன்’: 1989 போலந்துத் தேர்தலை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

1989 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. போலந்தின் வாக்குச்சாவடிகளில் மறைப்புக்குள் போனவர்கள் வெளியே வர நேரமெடுத்தது. காரணம் எளிது. பிடித்தவர் பெயருக்கு எதிரே குறி போடும் முறை அங்கே இல்லை. வேண்டாதவர் பெயரைக் கோடு இழுத்து அடிக்க வேண்டும். அடிபடாமல் எஞ்சிய பெயர்தான் வாக்கு. ஒவ்வொருவர் கையிலும் பல சீட்டுகள். அவற்றில் ஒன்றில் மட்டும் 35 பெயர்கள் இருந்தன. பிரதமர், உள்துறை அமைச்சர், ஆளுங்கட்சியின் பெரிய தலைகள் எல்லாரும் அதில்தான். அவர்களுக்கு எதிராகப் போட்டியிட ஒருவரும் அனுமதிக்கப்படவில்லை. பதிவான செல்லுபடி வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும், இடம் உறுதி. எண்ணி முடித்தபோது அந்த 35 பேரில் இருவர் மட்டுமே தப்பியிருந்தார்கள்.

போலந்து மக்களாட்சியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1505இல் தொடங்கி ஐந்து நூற்றாண்டுகளையும் வரிசையாகக் கடப்பார்கள். நான் இந்த ஒரு தேர்தலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தும். அந்த நாட்டின் அரசியல் மரபு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது: ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அந்த மறுப்புக்கு எவ்வளவு எடை கொடுப்பது? ஒரு காலத்தில் அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள், நாடே போனது. இன்னொரு காலத்தில் துளியும் கொடுக்கவில்லை. 1989இல்தான் மறுப்பைச் சரியாக எண்ணிப் பார்த்து, வந்த எண்ணுக்குக் கட்டுப்படும் பழக்கம் வேர்விட்டது.

ஒற்றைக் குரல்

1505இல் ராடோம் நகரில் கூடிய செய்ம், அதாவது போலந்து நாடாளுமன்றம், ஒரு சட்டம் இயற்றியது. மேலவையும் பிரதிநிதிகள் அவையும் சம்மதிக்காமல் அரசர் புதிதாக எதையும் விதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களாலேயே, நிஹில் நோவி என்று, அது அழைக்கப்படுகிறது. அதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டில், தீர்ப்பு இல்லாமல் நிலவுடைமைப் பிரபு எவரையும் சிறையில் அடைப்பதில்லை என்று அரசர் வாக்களித்திருந்தார். 1569இல் போலந்து லிதுவேனியாவுடன் இணைந்து பெரிய குடியரசானது. 1573இல் மதப் பிரிவுகளுக்கிடையே அமைதி காக்க வார்சாவில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு பிரபுக்கள் வார்சாவுக்கு வெளியே திறந்த வெளியில் திரண்டு தங்கள் அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் குடிமக்கள் என்றால் ஷ்லாக்தா எனப்பட்ட பிரபு வர்க்கம் மட்டுமே. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோ இருந்தார்கள். உழவர்கள் பண்ணையடிமைகளாகவே கிடந்தார்கள். இந்த உண்மையை மறைத்துவிட்டுப் ‘பொற்காலச் சுதந்திரம்’ என்று புகழ்வது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் பத்து விழுக்காடு என்பது அன்றைய ஐரோப்பாவில் சிறிய எண்ணும் அல்ல. தங்களுக்குள் அவர்கள் முழுச் சமம். பெரும் பண்ணைக்காரனும் குதிரை வாங்கக் காசில்லாத பிரபுவும் ஒருவரையொருவர் ‘சகோதரரே’ என்றுதான் விளித்தார்கள்.

அந்தச் சமத்துவத்திலிருந்துதான் சிக்கலும் பிறந்தது. செய்முக்கு வரும் ஒவ்வொரு பிரதிநிதியும் தன் வட்டாரச் சபையின் கட்டளையோடு வந்தார். சமமானவர்களில் ஒருவரை அவர் சம்மதமின்றி எப்படிக் கட்டுப்படுத்துவது? எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் என்பது வழக்கமானது. நூறாண்டுக்கு மேல் அது நன்றாகவே ஓடியது. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள், பிடிவாதக்காரரும் கடைசியில் வாயை மூடிக்கொண்டார். 1652இல் உபிதா வட்டாரப் பிரதிநிதி வ்வாதிஸ்வாவ் சிச்சின்ஸ்கி அப்படி மூடிக்கொள்ளவில்லை. அவையின் காலத்தை நீட்டிக்க எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு வார்சாவை விட்டே போய்விட்டார். அவர் திரும்பி வந்து எதிர்ப்பை விலக்கிக்கொள்ளாததால் அந்த மறுப்பு செல்லும் என்று அவைத்தலைவர் ஏற்றார். கூட்டத்தொடர் கலைந்தது. அந்தத் தொடரில் பேசி முடித்த எல்லாமும் அதோடு போயின.

‘நியே பொஸ்வாலாம்’, அனுமதிக்க மாட்டேன் என்ற அந்தச் சொல்தான் பிறகு லிபரும் வீட்டோ என்று உலகம் அறிந்த தனி மறுப்புரிமை. 1688இல் அவைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்ம் கலைக்கப்பட்டது. மூன்றாம் ஆகஸ்டஸ் அரசராக இருந்த சுமார் 30 ஆண்டுகளில் ஒரே ஒரு செய்ம், 1736இல் கூடியது, முழுமையாக நடந்து முடிந்தது. படை திரட்ட வரி வேண்டும், வரிக்குச் சட்டம் வேண்டும், சட்டத்துக்கு ஒருவரும் மறுக்கக் கூடாது. அண்டை நாட்டுத் தூதர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பிரதிநிதிகளில் ஒருவரை வளைத்துப் போட்டால் ஒரு பேரரசின் கையைக் கட்டிவிடலாம். ரஷ்யாவும் பிரஷ்யாவும் போலந்தின் ‘பழைய சுதந்திரங்களை’க் காப்பதாகத் தங்களுக்குள் ஒப்பந்தமே செய்துகொண்டன. 1661இலேயே அரசர் யான் காசிமிர், இப்படியே போனால் அண்டை நாடுகள் நம்மைப் பங்குபோட்டுக்கொள்ளும் என்று செய்மில் எச்சரித்திருந்தார். 1772இல் முதல் பங்கீடு நடந்தது.

எஞ்சிய நாட்டைக் காப்பாற்ற 1788இல் கூடிய செய்ம் ஓர் உபாயம் செய்தது. ‘கூட்டமைப்பு’ என்ற பழைய அவசரகால ஏற்பாட்டின் கீழ் கூடினால் பெரும்பான்மை வாக்கே போதும், தனி மறுப்பு செல்லாது. அந்த வழியில் நான்காண்டுகள் நடந்த அவைதான் 1791 மே 3ஆம் நாள் அரசியலமைப்பை நிறைவேற்றியது. எதிர்ப்பாளர்கள் பலர் ஈஸ்டர் விடுமுறையிலிருந்து திரும்பாத நேரமாகப் பார்த்து அதைக் கொண்டுவந்தார்கள். மறுப்பை ஒழிக்கும் சட்டம், மறுக்கக்கூடியவர்கள் இல்லாத வேளையில் நிறைவேறியது. அந்தக் குறையையும் பதிவு செய்யத்தான் வேண்டும். பெரும்பான்மை முடிவு, அதிகாரப் பிரிவினை, பரம்பரை அரியணை, நகரத்தாருக்குச் சில உரிமைகள், உழவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு என்று அது பேசியது. பண்ணையடிமை முறையை மட்டும் ஒழிக்கவில்லை. அடுத்த ஆண்டே சில பெருநிலக்கிழார்கள் தார்கோவித்சா என்ற பெயரில் அணி சேர்ந்து ரஷ்யப் படையை அழைத்துவந்தார்கள். 1793, 1795 பங்கீடுகளோடு நாடு வரைபடத்திலிருந்து மறைந்தது. 123 ஆண்டுகள் அந்த மே 3 ஒரு நினைவாக மட்டுமே உயிரோடு இருந்தது.

எண்ணிக்கையை ஏற்காத ஆண்டுகள்

1918 நவம்பரில் நாடு மீண்டது. அதே மாத இறுதியில் வந்த தேர்தல் ஆணை பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது. பிரான்ஸுக்கு அது 1944வரை வாய்க்கவில்லை. 1921 அரசியலமைப்பு, அதிகாரத்தை நாடாளுமன்றத்தின் கையில் வைத்தது. கட்டடம் நன்றாகத்தான் எழும்பியது. உள்ளே குடியேறியவர்களுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை.

1922 டிசம்பர் 9 அன்று கப்ரியேல் நருதோவிச் ஐந்தாம் சுற்று வாக்கெடுப்பில் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். இடதுசாரிகளோடும் உழவர் கட்சியினரோடும் யூதர், உக்ரேனியர், ஜெர்மானியர் போன்ற சிறுபான்மைப் பிரதிநிதிகளும் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்குகளை எண்ணவே கூடாது, இது போலந்துப் பெரும்பான்மை இல்லை என்று வலதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள். பதவியேற்ற ஐந்தாம் நாள், டிசம்பர் 16 அன்று, வார்சாவின் சாஹெந்தா ஓவியக்கூடத்தில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். சிச்சின்ஸ்கி எழுந்து நின்று மறுத்தார். இவர்கள் துப்பாக்கியால் மறுத்தார்கள். நான்காண்டுகளுக்குள் மார்ஷல் பியூசுட்ஸ்கி படையோடு வார்சாவுக்குள் நுழைந்தார். 1926 மே மாதத்தில் மூன்று நாள் நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு நாடாளுமன்றம் பெயருக்குத்தான் இருந்தது.

போருக்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி வேறு வழியில் போனது. 1946 ஜூன் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் மூன்று கேள்விகள். முதல் கேள்வி: செனட்டை, அதாவது மேலவையை, ஒழிக்கலாமா? முடிவுகள் திருத்தி எழுதப்பட்டன; பின்னாளில் ஆவணங்கள் அதை உறுதிப்படுத்தின. செனட் போனது. இந்தச் செனட்டை நினைவில் வைத்திருங்கள், அது திரும்பி வரும். 1947 ஜனவரித் தேர்தலும் அதே கதைதான்.

1957இல் கட்சித் தலைவர் கொமுல்கா சற்றே தளர்ந்த தேர்தல் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இடங்களைவிட வேட்பாளர்கள் சற்று அதிகம். வேண்டாத பெயரை அடிக்கலாம். ஆனால் வானொலியில் அவரே எச்சரித்தார்: கட்சி வேட்பாளர்களின் பெயரை அடிப்பது ஐரோப்பிய வரைபடத்திலிருந்து போலந்தையே அடிப்பதாகும். 1956 இலையுதிர் காலத்தில் ஹங்கேரியில் சோவியத் டாங்குகள் என்ன செய்தன என்பது கேட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதன்பின் 30 ஆண்டுகள், சீட்டை வாங்கி எதையும் அடிக்காமல் எல்லார் கண்முன்னும் பெட்டியில் போடுவதே நல்ல குடிமகனின் அடையாளம். மறைப்புக்குள் போனாலே சந்தேகம். பேனாவை எடுத்தால் எதிரி.

கப்பல் கட்டும் தளத்திலிருந்து மேசைவரை

1980 ஆகஸ்டில் க்டான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் இயக்கிய அன்னா வாலென்டினோவிச்சை, ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆகஸ்டு 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மின்பணியாளர் லெக் வலேசா தலைமைக்கு வந்தார். வேலைநிறுத்தக் குழு 21 கோரிக்கைகளைப் பலகையில் எழுதித் தளத்தின் வாயிலில் தொங்கவிட்டது. முதல் கோரிக்கை கட்சியின் பிடியில் இல்லாத சுதந்திரத் தொழிற்சங்கம். ஆகஸ்டு 31 அன்று அரசு கையெழுத்திட்டது. அப்படிப் பிறந்த சாலிடாரிட்டியில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே மூன்றரைக் கோடி சொச்சம்தான்.

எல்லாரும் ஒரு கோடி என்ற எண்ணைச் சொல்வார்கள். சங்கத்துக்குள் நடந்த தேர்தல்கள் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன. பட்டறை, ஆலை, வட்டாரம் என்று ஒவ்வொரு படியிலும் ரகசிய வாக்கெடுப்பு. 1981 இலையுதிர் காலத்தில் க்டான்ஸ்கின் ஒலிவா பகுதியில் கூடிய மாநாட்டில் வலேசாவையே மூன்று பேர் எதிர்த்து நின்றார்கள். சுமார் 900 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். அவர் 55 விழுக்காடு வாங்கித்தான் ஜெயித்தார். நாடே கொண்டாடிய தலைவருக்கு 55 விழுக்காடு. தோற்றவர்கள் அரங்கைவிட்டு வெளியேறவில்லை. சங்கத்தைப் பிளக்கவும் இல்லை. எட்டாண்டு கழித்து வந்த தேர்தலுக்கு மக்கள் ஒத்திகை பார்த்தது இங்கேதான்.

1981 டிசம்பர் 13 அன்று ஆட்சியின் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் தடுப்புக்காவலில் அடைபட்டார்கள். மூன்று நாள் கழித்து வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் 9 தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சாலிடாரிட்டி தலைமறைவானது. ஆனால் அதை அடக்கிய அரசால் கடைகளில் பொருளை நிரப்ப முடியவில்லை. 1987 நவம்பரில் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு மக்கள் ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். மொத்த வாக்காளர்களில் பாதிப்பேரின் ஆதரவு வேண்டும் என்று தாங்களே விதித்த எல்லையை எட்டாமல் தோற்றார்கள். கம்யூனிஸ்ட் அரசு ஒன்று, தானே நடத்திய வாக்கெடுப்பில் தோற்றதாகத் தானே அறிவித்தது. எனக்கு அதில் ஒரு திருப்பம் தெரிகிறது: எண்ணைத் திருத்தாமல் வெளியிடும் துணிவோ களைப்போ அவர்களுக்கு வந்துவிட்டது.

1988இல் இரு அலைகளாக வேலைநிறுத்தங்கள் எழுந்தன. மாஸ்கோவில் கோர்பச்சோவ் இருந்தார். இம்முறை டாங்குகள் வரும் என்ற அச்சம் குறைந்திருந்தது. ஆகஸ்டு 31 அன்று உள்துறை அமைச்சர் செஸ்வாவ் கிஷ்சாக் வலேசாவைச் சந்தித்தார். கட்சிக்குள் எதிர்ப்பு பலமாக இருந்தது. 1989 ஜனவரியில் மத்தியக் குழு முரண்டு பிடித்தபோது, யாருசெல்ஸ்கியும் பிரதமர் ரகோவ்ஸ்கியும் கிஷ்சாக்கும் பதவி விலகுவோம் என்று மிரட்டித்தான் சம்மதம் வாங்கினார்கள்.

மேசைமேல் போட்ட கணக்கு

1989 பிப்ரவரி 6 அன்று வார்சாவின் நமியெஸ்னிகோவ்ஸ்கி மாளிகையில், இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையில், வட்டமேசை மாநாடு தொடங்கியது. அதற்கென்றே செய்த மேசை. குறுக்களவு ஏறத்தாழ 9 மீட்டர். ஒருபக்கம் கிஷ்சாக், க்வாஷ்நியெவ்ஸ்கி போன்ற அரசுத் தரப்பினர். மறுபக்கம் சாலிடாரிட்டித் தரப்பின் வலேசா, கெரெமெக், மசோவியெட்ஸ்கி, குரோன், மிக்னிக் போன்றவர்கள். இவர்களில் பலர் எதிரே அமர்ந்தவர்களின் சிறையில் காலம் கழித்தவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் குருக்கள் பார்வையாளர்களாக இருந்தார்கள். தளத்தின் வேலைநிறுத்தம் ஒரு பெண்ணுக்காகத் தொடங்கியது, அதைத் தாங்கிப் பிடித்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். மேசையைச் சுற்றிப் பெண்கள் ஓரிருவர்தான்.

பொருளாதாரம், அரசியல் சீர்திருத்தம், தொழிற்சங்கம் என்று தனித்தனி அறைகளில் நூற்றுக்கணக்கானோர் இரண்டு மாதம் பேசினார்கள். முட்டிக்கொண்டபோது மக்தலென்கா என்ற ஊரில் இருந்த உள்துறை அமைச்சக விடுதிக்குத் தலைவர்கள் மட்டும் போய்ப் பேசி முடித்தார்கள். அந்த மூடிய அறைதான் பின்னாளில் ‘காட்டிக்கொடுத்தார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு விதை. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் கதவு மூடியிருந்ததற்கு ஒரு விலை இருந்தது. அதைப் போலந்து இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 5 அன்று கையெழுத்தான உடன்பாட்டின் மையம் ஒரு கணக்கு. செய்மின் 460 இடங்களில் 299, அதாவது 65 விழுக்காடு, ஆளுங்கட்சிக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும் ஒதுக்கீடு. மிச்சம் 161க்கு மட்டும் சுதந்திரப் போட்டி. வலுவான அதிகாரங்களோடு குடியரசுத் தலைவர் பதவி ஒன்று உருவாகும். அது யாருசெல்ஸ்கிக்கு என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். இந்த இரண்டாவது அம்சத்தில் எதிர்த்தரப்பு மசியவில்லை. அப்போதுதான் முப்பத்துநான்கு வயது அமைச்சர் அலெக்சாண்டர் க்வாஷ்நியெவ்ஸ்கி ஒரு யோசனையைப் போட்டார்: செனட்டை மீண்டும் உருவாக்கி, அதற்கு முழுச் சுதந்திரத் தேர்தல் நடத்தலாமே? 1946இல் பொய்க் கணக்கில் போன அதே செனட். நூறு இடங்கள். செய்ம் இயற்றும் சட்டத்தைச் செனட் மறுக்கலாம். அந்த மறுப்பை முறியடிக்கச் செய்மில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

மூன்றில் இரண்டு என்றால் 307. ஆளும் கூட்டணியிடம் 299. எட்டுப் பேர் குறைவு. மறுப்புக்கு மீண்டும் எடை வந்தது. இம்முறை அந்த எடை எல்லைக்குள் இருந்தது.

கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. 299 என்பது ஒரே கட்சி அல்ல. ஆளும் ஐக்கியத் தொழிலாளர் கட்சிக்கு 173; ஐக்கிய உழவர் கட்சிக்கு 76; ஜனநாயகக் கட்சிக்கு 27; மிச்சம் 23 சிறு கத்தோலிக்க அமைப்புகளுக்கு. நாற்பதாண்டுகளாக உழவர் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் தலையாட்டியே பழகியவை. என்றும் தலையாட்டும் என்று நினைத்தார்கள். 161 கூட்டல் 76 கூட்டல் 27 எவ்வளவு என்று அன்று மேசையில் யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் 264 என்று வந்திருக்கும். பெரும்பான்மைக்கு 231 போதும்.

தப்பிய இருவர்

ஏப்ரல் 17இல் சாலிடாரிட்டி மீண்டும் சட்டப்படி பதிவானது. மே 8இல் எதிர்த்தரப்பின் நாளேடு முதல் இதழை வெளியிட்டது. பிரசாரத்துக்கு இரண்டே மாதம். வலேசாவின் குடிமக்கள் குழு, செய்மின் 161, செனட்டின் 100 என 261 இடங்களுக்கும் தலா ஒரு வேட்பாளரை மட்டும் நிறுத்தியது. ஏறத்தாழ ஒவ்வொருவரும் வலேசாவோடு எடுத்த படம் சுவரொட்டியானது. யார் பெயரை விட்டுவிட்டு மற்றவற்றை அடிக்க வேண்டும் என்று துண்டறிக்கைகள் சொல்லிக்கொடுத்தன. பெயரை அடிக்கவே அஞ்சிய மக்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆளுங்கட்சி தன் பெரிய மனிதர்களை 35 பெயர் கொண்ட தேசியப் பட்டியலில் வைத்தது அவர்களைக் காப்பாற்றத்தான். போட்டியாளர் இல்லையென்றால் தோல்வி ஏது என்று நினைத்தார்கள். விளைவு நேர்மாறானது. எதிர் வேட்பாளர் இருந்திருந்தால் வாக்கு இரண்டு பேரை ஒப்பிடுவதாக இருந்திருக்கும். ஒருவரும் இல்லாததால் ‘இவர் வேண்டுமா, வேண்டாமா’ என்ற ஒரே கேள்விதான் மிஞ்சியது. மக்கள் ஒவ்வொரு பெயராக அடித்தார்கள். சிலர் சீட்டின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை பெரிய பெருக்கல் குறி போட்டார்கள். தப்பிய இருவர் மிகோவாய் கொசாகியெவிச், ஆதாம் சியெலின்ஸ்கி. சியெலின்ஸ்கி பெயர் பட்டியலின் கடைசியில் இருந்ததால் பெருக்கல் குறி அதுவரை எட்டவில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

முதல் சுற்றிலேயே செய்மின் 161 சுதந்திர இடங்களில் 160ம், செனட்டின் 100இல் 92ம் சாலிடாரிட்டிக்கு. இரண்டாம் சுற்றுக்குப் பின் 161ம் 99ம். வாக்களித்தவர்கள் 62 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அவ்வளவு பெரிய நாளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வீட்டிலேயே இருந்தார் என்பதும் உண்மை. நாற்பதாண்டுப் பொய்த் தேர்தல்கள் விட்டுச்சென்ற அவநம்பிக்கை அது. அன்று மாலை பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்துச் செய்தி வந்துகொண்டிருந்தது. துப்பாக்கி என்ற வழி இன்னும் மூடப்படவில்லை என்பதை இரு தரப்பும் ஒரே வேளையில் பார்த்தன.

இந்த ஆய்வின் மிகக் கடினமான இடம் இனிமேல்தான். பட்டியலில் விழுந்த 33 இடங்களை எப்படி நிரப்புவது என்று தேர்தல் சட்டத்தில் விதியே இல்லை. காலியாக விட்டால் ஒப்புக்கொண்ட 65 விழுக்காடு 58ஆகச் சுருங்கும், உடன்பாடே உடையும். இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே, ஜூன் 12 அன்று, நாட்டின் கூட்டுத் தலைமை அமைப்பான அரசு மன்றத்தின் ஆணை ஒன்றால் சட்டத்தை மாற்றி, அந்த 33 இடங்களுக்கும் புதிய வேட்பாளர்களை நிறுத்த வழி செய்தார்கள். சாலிடாரிட்டி தலைமை இதை எதிர்க்கவில்லை.

இது தவறு என்பதே என் கருத்து. ஆட்டம் நடக்கும்போது விதியை மாற்றினார்கள். அதுவும் மக்கள் தெளிவாகச் சொன்ன ‘வேண்டாம்’ ஒன்றைச் செல்லாததாக்க மாற்றினார்கள். அதே நேரம், கெரெமெக்கின் இடத்தில் நான் இருந்தால் வேறு என்ன செய்திருப்பேன் என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. ராணுவம், காவல்துறை, வானொலி எல்லாம் ஆளுங்கட்சியின் கையில். சொல் மாறியவர்கள் என்ற பெயர் வந்துவிட்டால் அவர்களும் சொல் மாறச் சாக்குக் கிடைக்கும். ஜூன் 18 அன்று மக்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள்: வாக்களிக்க வந்தவர்கள் 25 விழுக்காடு மட்டுமே.

ஒரு வாக்கு

ஜூலை 19 அன்று இரு அவைகளும் கூடிக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. யாருசெல்ஸ்கி மட்டுமே வேட்பாளர். ஆளும் கூட்டணியிலேயே சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். சாலிடாரிட்டி உறுப்பினர் ஏழு பேர் வேண்டுமென்றே செல்லாத வாக்குப் போட்டு, தேவையான எண்ணைக் குறைத்தார்கள். செல்லுபடியானவை 537. ஆதரவு 270, எதிர்ப்பு 233, நடுநிலை 34. தேவை 269. ராணுவச் சட்டம் போட்ட ஜெனரல், தான் சிறையிட்டவர்களின் தயவில், ஒரே ஒரு வாக்கில் தலைவரானார்.

வெட்கப்பட்டுக்கொண்டே அவர்கள் செய்த அந்த உதவி அடுத்த அடிக்கு வழிவிட்டது. ‘உங்கள் குடியரசுத் தலைவர், எங்கள் பிரதமர்’ என்ற தலைப்பில் ஆதாம் மிக்னிக் ஜூலைத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். யாருசெல்ஸ்கி கிஷ்சாக்கைப் பிரதமராக்க முயன்றார், அமைச்சரவை அமையவில்லை. வலேசா உழவர் கட்சியையும் ஜனநாயகக் கட்சியையும் தன் பக்கம் அழைத்தார். நாற்பதாண்டு தலையாட்டியவர்கள் தலையைத் திருப்பினார்கள். 264 என்ற அந்தக் கூட்டல் நிஜமானது. ஆகஸ்டு 24 அன்று தடேயுஷ் மசோவியெட்ஸ்கி 378 வாக்குகளோடு பிரதமரானார். எதிர்த்தவர்கள் 4 பேர். சோவியத் அணி நாடுகளில் நாற்பதாண்டுகளில் முதல் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமர். தேசியப் பட்டியலில் தப்பிய கொசாகியெவிச், உழவர் கட்சிக்காரர், அந்த அவைக்குத் தலைவராக இருந்தார். டிசம்பர் 29 அன்று அரசியலமைப்பைத் திருத்தி நாட்டின் பழைய பெயரான ‘போலந்துக் குடியரசை’ மீட்டார்கள்.

அதற்கடுத்த ஆண்டுகள் இனிமையானவை அல்ல. 1990 விலைவாசி உயர்வில் சேமிப்புகள் கரைந்தன, ஆலைகள் மூடின. சாலிடாரிட்டி உடைந்து, குடியரசுத் தலைவர் தேர்தலில் வலேசாவும் மசோவியெட்ஸ்கியும் நேருக்கு நேர் நின்றார்கள். 1991இல் நடந்த முதல் முழுச் சுதந்திரத் தேர்தலில் 29 அணிகள் செய்முக்குள் நுழைந்தன. மிகப் பெரியதற்கே 12 விழுக்காடு சொச்சம். லிபரும் வீட்டோ காலம் திரும்புகிறது என்று பலர் அஞ்சினார்கள். 1993 மே மாதத்தில் ஹன்னா சுஹோட்ஸ்காவின் அரசுமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது; கொண்டுவந்தவர்கள் சாலிடாரிட்டி தொழிற்சங்க உறுப்பினர்களே. அரசை ஆதரித்த உறுப்பினர் ஒருவர் அவைக்குத் தாமதமாக வந்தார். தீர்மானம் ஒரு வாக்கில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் வலேசா நாடாளுமன்றத்தைக் கலைத்தார், யாரும் ராணுவத்தைக் கூப்பிடவில்லை. செப்டம்பர் தேர்தலில் முன்னாள் கம்யூனிஸ்ட்கள் முதலிடம் பிடித்தார்கள். சாலிடாரிட்டி தரப்பு ஆட்சியை ஒப்படைத்துவிட்டு எதிர்வரிசைக்குப் போனது. நருதோவிச் கொலையுண்ட நாட்டில் இது நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

1995இல் வலேசாவைத் தோற்கடித்துக் குடியரசுத் தலைவரானவர் க்வாஷ்நியெவ்ஸ்கி. 1997 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் மக்கள் ஏற்ற புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டவரும் அவரே. வட்டமேசையில் பேரத்துக்காக அவர் முன்வைத்த நூறு இடச் செனட், அதிகாரம் குறைந்து, அதில் நிலைத்தது. 2019இல் செய்மில் பெரும்பான்மை பெற்ற ஆளுங்கட்சி செனட்டை மட்டும் இழந்தது. நவம்பர் 12 அன்று எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் அதன் தலைவராகத் தேர்வானார். நூறு பேரில் அவருக்குக் கிடைத்தவை 51 வாக்குகள்.